பெர்னடீன் பிரித்த உறை

பஃபலோ நகரின் கிழக்குப் பகுதியில், மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குடித்தனம் இருக்கும் மரவீடு ஒன்றில் பிறந்து, ஐம்பத்தெட்டு வயதிலும் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்ந்துகொண்டிருந்தாள் பெர்னடீன் வோய்டாஷ். அப்பா எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய வருஷம் அவளுக்குப் பதினெட்டு வயது. மேலே படிக்கும் பேச்சு அத்தோடு நின்றது. தட்டச்சு கற்றுக்கொண்டு, ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்தாள். அவர் ஓய்வு பெற்றதும் புனித ஹெட்விக் சட்டக் கல்லூரியில் வேலை கிடைத்தது.

அந்தக் கல்லூரியில் வெளிநாட்டு வக்கீல்களுக்கென்று ஓராண்டுப் படிப்பு ஒன்று உண்டு. அமெரிக்க வணிகச் சட்டமும் நாடுகளுக்கிடையேயான வணிகச் சட்டமும் சொல்லித்தருவார்கள். வருஷத்துக்குப் பதினைந்து, இருபது பேர் வருவார்கள். சொந்த ஊரில் பெயர் வாங்கிய வக்கீல்கள், ஒன்றிரண்டு நீதிபதிகள்கூட. விமான நிலையத்தில் இறங்கியதும் அத்தனை பேரும் சின்னப் பிள்ளைகளாகி விடுவார்கள். பெர்னடீன்தான் தன் காரில் போய் அழைத்து வருவாள். வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது, பேருந்து எங்கே நிற்கும், மைனஸ் பத்தில் எத்தனை சட்டை போடுவது என்று எல்லாவற்றுக்கும் பெர்னடீன்தான். விண்ணப்பம், விசா தாள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அவள் மேசை வழியாகத்தான் போகும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தாள் தவறியதில்லை. அவள் போன அதிகபட்ச தூரம் எல்லையைத் தாண்டி டொராண்டோ.

"இன்னைக்கு எந்த நாட்டு மந்திரியை ஏத்திக்கிட்டு வந்தே?" என்று மாடியில் குடியிருக்கும் தம்பி ஜீன் கேலி செய்வான்.

"மங்கோலியா. உன்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசுறார்."

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டில் சூடானிலிருந்து வந்தாள் இக்லாஸ் அப்தெல்காதிர். நாற்பத்தொரு வயது, நெடிய உருவம், மெல்லிய குரல். தலைநகர் கார்ட்டூமில் பதினான்கு வருஷம் வக்கீலாக இருந்தவள். அவளுடைய கட்சிக்காரர்கள் பிசின் ஏற்றுமதியாளர்கள். வேலமரத்திலிருந்து வடியும் அந்தப் பிசின்தான் இங்கே குளிர்பானத்திலும் மிட்டாயிலும் சேர்கிறது. வாங்கும் கம்பெனிகளிடமிருந்து நாற்பது பக்க ஒப்பந்தம் வரும். எங்கள் ஆட்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அந்த நாற்பது பக்கத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவதற்காகத்தான் வந்தேன் என்று விமான நிலையத்திலிருந்து வரும்போது காரிலேயே சொன்னாள்.

ஒப்பந்தச் சட்டம் எடுத்த பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட், கப்பலில் நனைந்துபோன சரக்கு யார் தலையில் விழும் என்று ஒரு கற்பனை வழக்கைச் சொல்லிக் கேள்வி கேட்டார். இக்லாஸ் கையைத் தூக்கினாள்.

"இது கற்பனை இல்லை சார். போன வருஷம் என் கட்சிக்காரர் இப்படித்தான் மாட்டினார். நீங்க சொன்ன விதி அங்கே செல்லலை, ஏன்னா ஒப்பந்தத்தில துறைமுகத்தோட பேரை மாத்தி எழுதியிருந்தாங்க."

அன்று பாதி வகுப்பு அவள்தான் எடுத்தாள். பின்வரிசையில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெர்னடீனுக்கு, ஏதோ தன் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கார்ட்டூமில் போர் தொடங்கியது. திங்களன்று இக்லாஸ் வழக்கம்போல் வகுப்புக்கு வந்தாள். கையில் போன். பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் திரும்பவில்லை. அம்மாவும் அண்ணன் குடும்பமும் கார்ட்டூமுக்கு எதிர்க்கரையிலுள்ள ஓம்துர்மானில் மூன்று நாள் குளியலறையில் படுத்துக் கிடந்தார்கள். பிறகு பேருந்து பிடித்து எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவளுடைய அலுவலகம் இருந்த கட்டடம் கொள்ளை போனது என்று ஒரு படம் வந்தது. கண்ணாடி நொறுங்கிய வாசலில், 'வழக்கறிஞர்' என்று எழுதிய பலகை மட்டும் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மே மாதம் பட்டம் வாங்கினாள். போக ஊர் இல்லை. போர் நடக்கும் நாட்டவள் என்பதால் தற்காலிகமாகத் தங்கவும் வேலை பார்க்கவும் அனுமதி கிடைத்தது. ஆனால் வக்கீலாக வேலை பார்க்க வேண்டுமென்றால் வழக்கறிஞர் தேர்வு எழுத வேண்டும். ஊர் திரும்பப் போகிறவள்தானே என்று அவள் அதற்கு முன்னால் விண்ணப்பிக்கவே இல்லை. இப்போது பெர்னடீன் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு கண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. உங்க பல்கலைக்கழகத்திலேருந்து மதிப்பெண் பட்டியல். அவங்களே உறையில போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில முத்திரை குத்தி, நேரா தேர்வு வாரியத்துக்கு அனுப்பணும்."

இக்லாஸ் கையிலிருந்த படிவத்தை மேசைமேல் வைத்தாள். "எங்க பல்கலைக்கழகத்தில இப்போ துப்பாக்கிக்காரங்கதான் இருக்காங்க, மிஸ் பெர்னி."

பெர்னடீன் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். இக்லாஸ் சேர்க்கைக்கு விண்ணப்பித்தபோது பல்கலைக்கழகம் அனுப்பிய பட்டியல் கோப்பில் பத்திரமாக இருந்தது. அது வந்த உறையும் இருந்தது. மடிப்பின் மேல் ஊதா முத்திரை. முத்திரையின் நடுவே நேர்த்தியான வெட்டு. போன வருஷம் மே மாதம், வழக்கம்போல் காபியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவளே கத்தியால் கீறிப் பிரித்தது. அப்படிப் பிரிப்பதுதான் அவள் வேலை.

மறுநாள் தேர்வு வாரியத்துக்குப் போன் செய்தாள். பேசியவள் திருமதி ஹாலோவெல். நல்ல பெண்மணி. பொறுமையாக முழுக்கக் கேட்டாள்.

"உறையைப் பிரிக்காம வெச்சிருந்தீங்கன்னா, சூழ்நிலையை எழுதி அனுப்புங்கன்னு சொல்லியிருப்பேன். குழு யோசிச்சிருக்கலாம். பிரிச்சாச்சே."

"நான்தான் பிரிச்சேன். என் கையாலே. உள்ளே இருந்ததை யாரும் மாத்தலைன்னு சத்தியம் பண்ணி எழுதித் தர்றேன்."

"நான் உங்களை நம்புறேன் மேடம். ஆனா நான் நம்புறதை வெச்சு இங்கே ஒண்ணும் நடக்காது."

பெர்னடீன் விடவில்லை. கல்லூரித் தலைவரிடம் கடிதம் வாங்கினாள். லிண்ட்க்விஸ்ட் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு எண்ணையும் தினமும் காலை ஆறு மணிக்கு அழைத்தாள். மணிகூட அடிக்கவில்லை. மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. வாரியத்திலிருந்து மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: உரிய நிறுவனத்திடமிருந்து ஆவணம் கிடைத்ததும் தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

செப்டம்பரில் இக்லாஸ் ஒரு ஆளைக் கண்டுபிடித்தாள். பாபிகிர் என்பவர், பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் மதிப்பெண் பட்டியல் எழுதியவர். போருக்குத் தப்பி, போர்ட் சூடான் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பெர்னடீனின் மேசைமேல் போனை வைத்து அழைத்தார்கள். அவர் அரபியில் பேசப்பேச இக்லாஸ் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"உன்னை ஞாபகம் இருக்கும்மா. சாட்சியச் சட்டத்தில எண்பத்தாறு. உன் பட்டியலை நான்தான் எழுதினேன்."

"அதை ஒரு கடிதமா எழுதித் தர முடியுமான்னு கேளு," என்றாள் பெர்னடீன்.

"எழுதுறேன். ஆனா தாள் என்னோடது, பேனா என்னோடது. முத்திரை என் மேசை இழுப்பறையில இருக்கு. மேசை இருக்கான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். இக்லாஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றார்?"

"இங்கே சந்தையில ஒருத்தன் இருக்கான், ரெண்டு நாள்ல முத்திரை வெட்டித் தருவான், நானே உண்மையான மார்க்கை எழுதி உறையில போட்டு அனுப்புறேங்கிறார்."

பெர்னடீன் கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவள்.

"சரின்னு சொல்லு," என்றாள்.

"மிஸ் பெர்னி!"

"மார்க் உண்மை. எழுதுற ஆளும் உண்மை. முத்திரை ஒண்ணுதானே? சொல்லு கண்ணு."

இக்லாஸ் போனில் இரண்டு வார்த்தை பேசினாள். நன்றி சொல்வதுபோல் இருந்தது. வைத்துவிட்டாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன். என் கட்சிக்காரங்க எத்தனையோ பேரை இந்த மாதிரி வேலை செய்ய விடாம தடுத்திருக்கேன். அது மட்டும் என்னால முடியாது. கோபமா?"

பெர்னடீனுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் சொன்னாள். ஜீன் பீரை மேசையில் வைத்தான்.

"நீ என்ன பண்ணுவே? நீயா சண்டையை ஆரம்பிச்சே?"

"உறையைப் பிரிச்சேன்ல."

"அட, பிரிக்கத்தானே சம்பளம் குடுக்கிறாங்க!"

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

விண்ணப்பிக்கும் கடைசித் தேதி போனது. அடுத்த தேர்வின் கடைசித் தேதியும் போனது. அதற்குள் இக்லாஸ் வேறு வேலை தேடிக்கொண்டாள். நகர நீதிமன்றத்தில் அரபி மொழிபெயர்ப்பாளர். பெர்னடீனின் மற்ற மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். இக்லாஸ் மாதம் ஒருமுறை போன் செய்து, அம்மாவுக்குக் கெய்ரோவில் சர்க்கரை ஏறிவிட்டது, அண்ணனுக்கு இன்னும் வேலை இல்லை என்று செய்தி சொல்வாள். தேர்வைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

மறுவருஷம் ஜூனில் பெர்னடீன் விடுப்புப் போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனாள். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை மதியம் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று ஏற்பாடு. சீக்கிரமே வந்துவிட்டதால் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

யேமன்காரர் ஒருவரின் வழக்கு. ஹூதைஃபா என்று பெயர். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடத்தின் சொந்தக்காரர் வழக்குப் போட்டிருந்தார். வாடகை ஒப்பந்தத்தில், வழக்குப் போடுவதற்கு முப்பது நாளுக்கு முன் பதிவுத் தபாலில் அறிவிப்புத் தர வேண்டும் என்று இருந்தது. கட்டடக்காரரின் வக்கீலே அந்தப் பக்கத்தையும் வழக்குப் போட்ட தேதியையும் படித்துக் காட்டிவிட்டு, அறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஹூதைஃபா பக்கம் ஒரு இளம் வக்கீல். அன்றைக்கே அவனுக்கு ஆறு வழக்கு. "உங்களுக்கு அறிவிப்பு வந்ததா?" என்று கேட்டான். இக்லாஸ் அரபியில் கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"வந்தது. கதவுல ஒட்டியிருந்தாங்க. நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள்."

இளம் வக்கீல் தலையாட்டிவிட்டுத் தாளைப் புரட்டினான்.

பெர்னடீன் சட்டம் படித்தவளில்லை. ஆனாலும் பத்தொன்பது வருஷம் வகுப்புக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தவள். கதவில் ஒட்டினால் அது பதிவுத் தபாலா? மாணவர்கள் விடுப்புக் கேட்ட அந்தப் பெருநாளிலிருந்து எண்ணினால் வழக்குப் போட்ட தேதிக்குப் பன்னிரண்டு நாள்தானே ஆகிறது? அவளுக்கே தெரிந்தது. இக்லாஸுக்குத் தெரியாமலா இருக்கும்? இக்லாஸ் கைகளை மடியில் கோத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் மட்டும் மற்றக் கையை அழுத்திக்கொண்டிருந்தது.

தீர்ப்பு கால் மணி நேரத்தில் வந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதையும் இக்லாஸ்தான் அரபியில் சொன்னாள்.

வெளியே நடையில் ஹூதைஃபா அவளை நிறுத்தி ஏதோ கேட்டார். அவள் தலையை அசைத்து, மெதுவாகப் பதில் சொல்லி, அவருடைய வக்கீல் போன திசையைக் காட்டினாள். அவன் அங்கே இல்லை.

"என்ன கேட்டார்?" என்றாள் பெர்னடீன்.

"என் பக்கம் என்ன தப்புன்னு. நான் நாக்கு மட்டும்தான், உங்க வக்கீலைக் கேளுங்கன்னு சொன்னேன்."

"கதவுல ஒட்டினது..."

"தெரியும்."

"அந்தப் பையன் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே கண்ணு?"

"பேசுறவங்க சொல்றதைத் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டேன்னு தினமும் சத்தியம் பண்ணித்தான் உள்ளே போறேன். மீறினா நாளைக்கு என்னை விட மாட்டாங்க. இவரை மாதிரி இன்னைக்கு இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவங்களுக்கு நாக்கும் இருக்காது." குரல் உயரவில்லை. "முதல் மாசம் வீட்டுக்குப் போனதும் வாந்தி எடுப்பேன். இப்போ இல்லை."

பெர்னடீன் அவள் கையைப் பிடித்தாள். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, அதை ஹூதைஃபாவிடம் யார் சொல்வது, சொல்லலாமா, எதுவும் தெரியவில்லை. அதற்குள் எதிர் அறையிலிருந்து ஊழியர் எட்டிப் பார்த்து, "அரபி!" என்று கூப்பிட்டார்.

"பத்து நிமிஷம் மிஸ் பெர்னி. நீங்க சாப்பிட ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு இக்லாஸ் உள்ளே போனாள்.

பெர்னடீன் நடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் ஹூதைஃபா வந்து மறுமுனையில் உட்கார்ந்தார். தீர்ப்புத் தாள் கையில் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவளுடைய நல்ல உடுப்பையும் கைப்பையையும் பார்த்தார்.

"நீங்க வக்கீல்?" என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை," என்றாள் பெர்னடீன்.

அவர் தலையாட்டினார். பத்து நிமிஷம் அரை மணி ஆகியும் இக்லாஸ் வெளியே வரவில்லை. இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.