மேல்சித்தாமூர்க்காரர்கள் படிக்கும் எண்ணெய்க்கடை வலைப்பூ

செஞ்சிக் கடைத்தெருவில் செக்கு வைத்து ஊரையே தாளிக்க வைத்தவன் நான். பட்டம் வாங்கிய என் மகன், கடைக்கு வலைப்பூ தொடங்கி எண்ணெயின் நற்குணங்களை எழுதினான். அவனே எழுதி அவனே படித்தான். கடைசியில் மூடிவிடப் போவதாகச் சொன்னான்.

ஐந்தாம் வகுப்பு மேதை நான் சொல்ல, அவன் தட்டினான்: ‘வல்லத்து வேர்க்கடலை முன்னால் மேல்சித்தாமூர்க் கடலை வெறும் தோல்.’

மறுநாளிலிருந்து மேல்சித்தாமூரே தினமும் வந்து படித்துத் திட்டியது. ஒருவர் மூட்டையோடு கடைக்கே வந்துவிட்டார்.

“ஆட்டிப் பாருங்க பெரியவரே, அப்பறமா எழுதுங்க.”

ஆட்டினேன். எண்ணெய் மணத்தது.

“சுமார்தான்” என்றேன்.

அவர் முறைத்துக்கொண்டே போனதும் மகன் கேட்டான்: “இன்னா நைனா, நல்லாத்தான இருக்குது?”

“நல்லா இருக்குதுன்னு எழுதிட்டா, நாளைக்கு எவன்டா வந்து படிப்பான்?”