கண்ணாடி வீட்டில் கிள்ளிய கொழுந்து

தேயிலை விலை சரிந்து எங்கள் எஸ்டேட்டைப் பூட்டிய வருடம், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கண்ணாடி வீட்டில் எனக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. டெம்பரவரிதான். ஆனால் தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிப் பேர் திருப்பூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. அடுப்பு எரிவது என் ஒருத்தியால்தான்.

அங்கே படிக்கிற கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி, அறுபது தொட்டிகளில் தேயிலை நாற்று வைத்திருந்தாள். எந்த உரத்துக்கு எது உயரமாகிறது என்று மாதம் ஒருமுறை வந்து ஸ்கேல் வைத்து அளப்பாள். "தண்ணி மட்டும் ஊத்துங்க அக்கா, செடியத் தொட்றாதீங்க" என்று முதல் நாளே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் கூடை சுமந்து கொழுந்து பறித்தவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாளாக்கும்!

அவள் அளக்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது என் கைக்குள் மூன்று கொழுந்துகள் இருந்தன. இரண்டு இலை, ஒரு மொட்டு. எப்போது கிள்ளினேன் என்று சத்தியமாகத் தெரியாது. மூன்றையும் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. எலி மேல் பழி போடலாமா என்று யோசித்தேன். எலி இவ்வளவு சீராகக் கிள்ளாது. திங்கட்கிழமை அவள் ஸ்கேலை எடுக்குமுன் சொல்லிவிட்டேன்.

"மூணு செடிதானுங்களா? அத உட்டுட்டு மத்தத அளந்துக்கறேன். புரொபசர் சார்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்றாள். போன உயிர் திரும்பி வந்தது. அவள் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தாள். நுனி போன செடிகளை நாலு, அஞ்சு என்று அவள் வாய் எண்ணிக்கொண்டே போய்ப் பதினேழில் நின்றது. எனக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முக்கு அடியில் காய்ந்த கொழுந்துகள் கிடந்தன. முதுகில் இல்லாத கூடைக்குள், தோளுக்கு மேலாக, மாதம் முழுக்க எறிந்திருக்கிறேன்.

"மூணுன்னா மறைச்சிருவேன் அக்கா. இத எப்புடீங்க மறைக்கறது?" என்று அழுதாள். அவளுடைய படிப்பைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் எழவில்லை. என் வேலை போகுமே என்றுதான் பதறினேன். அவள் பேராசிரியர் அறைக்குப் போனாள். நான் வெளியே வாளியோடு நின்றேன்.

அவர் வந்து என் கைகளைத்தான் பார்த்தார். "நாளையில இருந்து பக்கத்துக் கண்ணாடிப் பூமாளிகைக்குப் போயிருங்க. வர்ற சனங்க எதையும் பறிக்காமப் பாத்துக்கோணும், அதான் வேலை" என்றார்.

வேலை தப்பியது. ஆனால் பூமாளிகையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தளிர். வந்தவர்களை நான் எங்கே பார்த்தேன்? இரண்டு கைகளையும் அக்குளில் அமுக்கிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள் வேர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க, இந்த வெக்கையிலயும் குளுருதுங்களா?" என்று பார்க்க வந்த ஒரு அம்மா கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.