பூவாத்தாள் கேட்ட மூட்டு

பூவாத்தாளின் வலது முட்டியை உடைத்தது உலக்கை. ஓங்கியவன் கட்டிய புருஷன் மாதப்பன். குழம்பில் உப்புக் கரித்ததாம். அரிவாள்மணை முன் குந்தி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவளை எழுந்திருக்கக்கூட விடவில்லை. கால் பக்கவாட்டில் திருகிக்கொண்டது. நாட்டு வைத்தியர் போட்ட கட்டால் எலும்பு எப்படியோ கூடியது, அறுந்த ஜவ்வு கூடவில்லை. அன்றிலிருந்து நடக்கும்போதெல்லாம் முட்டி மளுக்கென்று பிசகும்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். மாதப்பன் தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிற ஆள். அங்கே அவனைப்போலச் சாது கிடையாது. கடைக்காரர் பிடரியில் தட்டினாலும் சிரிப்பான். வாங்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாக இறக்குவான். இந்த வீரனுக்கு ஒரு முறை உண்டு. பூவாத்தாள் உட்கார்ந்திருக்கும்போதுதான் கை வைப்பான். அடுப்பு, அம்மி, பாத்திரம் கழுவும் இடம் எல்லாமே தரையில். உட்காராமல் அந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்காது. கொண்டையைப் பிடித்து அழுத்திக்கொண்டு முதுகில் மிதிப்பான். ஒரு தடவை அம்மிக்கல்லில் முகத்தை மோதியதில் முன்பற்கள் போயின.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் அவளால் நடக்கவே முடியாமல் போயிற்று. மகள் தாரணி தான் வேலை பார்க்கும் ஆலையின் காப்பீட்டில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தாள். மாதப்பனும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தான். வராமல் இருப்பானா, பூவாத்தாளுக்கு வாய் இருக்கிறதே.

டாக்டர் கன்னடக்காரர், மெட்ராஸில் படித்த தமிழ். மேசைமேல் இரண்டு மாதிரி மூட்டுகளை வைத்தார்.

“இது நல்லா மடங்கும். பழகினா ஓரளவு தரையில கூட உக்காரலாம். ஆனா இவங்களுக்குப் பக்கத்து ஜவ்வு இல்லை. அதைத் தைச்சு, மாசக்கணக்கா கால் ஊணாம படுத்திருக்கணும். இந்த இன்னொண்ணு கீல் வெச்சது. ரெண்டாம் நாளே நிக்கலாம், கால் பிசகாது. ஆனா நாற்காலியில உக்கார்ற அளவுக்குத்தான் மடங்கும். தரையில உக்காரவே கூடாது. சீக்கிரம் ஆட்டம் கண்டாலும் காணும்.”

“மடங்கறதையே வைங்க சாமி,” என்றான் மாதப்பன். “கீழ உக்காராத பொம்பளை ஊட்டுக்கு எதுக்காவுதுங்க?”

ஆண் சொன்னால் பெண் சொன்ன மாதிரிதானே. டாக்டரும் அதையே எழுதப் போனார். எழுதும்போது, முட்டியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

“தொவைக்கிற கல்லுல வழுக்கி உழுந்துட்டாளுங்க.”

ஊரில் எல்லோரிடமும் சொன்ன பொய். இதுவரை பூவாத்தாளும் தலையாட்டிய பொய்தான். இன்று அவள் தலையாட்டவில்லை. மடங்குகிற மூட்டு என்றால் மாசக்கணக்கில் எழ முடியாமல் இவன் காலடியில் கிடக்கவேண்டும். எழுந்தாலும் மறுபடி அதே தரை.

“வழுக்கி உழுவலீங்க டாக்டரே. உலக்கையில அடிச்சாருங்க. எந்த மூட்டு வெச்சாக் கீழ உக்கார முடியாதோ, அதையே எனக்கு வைங்க.”

மாதப்பன் அவள் தோளைப் பிடித்து நெரித்தான். தாரணி அந்தக் கையைப் பிய்த்தெடுத்தாள். டாக்டர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு அவனை வெளியே போகச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்ததும் தாரணி அம்மாவை அதே ஊரில் விஜயநகரிலிருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். “அது எம்பட ஊடு அம்மிணி. நான் எதுக்கு உட்டுட்டு வரோணும்?” என்று பூவாத்தாள் மறுத்துவிட்டாள். மகள் அந்த வீட்டில் நின்று சமைக்க மேடை போட்டு, ஸ்டவ்வை அதன்மேல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே மாதப்பன் குடித்துவிட்டு வந்தான். ஆஸ்பத்திரியில் நடக்கக் கொடுத்த நாலு கால் வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சோறு வடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து அவனுக்குக் கண் சிவந்தது.

“கீழ உக்காருடி.”

“முடியாதுங்க.”

தோள்களில் கையை வைத்து அழுத்தினான். அவள் மடங்கவில்லை. தையல் போட்ட முட்டியிலேயே காலால் உதைத்தான். உயிர் போகிற வலி. துணிக்கு மேல் ரத்தம் கசிந்தது. ஆனாலும் கால் பிசகவில்லை, அவள் விழவில்லை. எதிரெதிரே நின்றபோதுதான் இருவருக்கும் உறைத்தது, அவள் அவனைவிட உயரம்.

இடுப்பை மேடையில் சாய்த்துக்கொண்டு வாக்கரைத் தூக்கி அவன் முகத்தில் இறக்கினாள். மூக்குத் தண்டு நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுத்த அடி தாடையில் விழுந்தது. அதற்கடுத்த அடியை ஆசைக்காகவே அடித்தாள், அதைச் சொன்னால் என்ன.

மாதப்பன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. எழப் பார்த்தான், கால் நிற்கவில்லை. கையை நீட்டினான்.

“தூக்கி உடு பூவாத்தா.”

பூவாத்தாள் வாக்கரைக் கீழே ஊன்றி நின்றாள்.

“குனிய முடியாதுங்க. முட்டி மடங்காது.”