மீன் எண்ணெய் பூசிய நட்டு

அண்ணாச்சி வீட்டுக் கார் ஷெட்டில், கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சி சாத்தியிருக்கும். அதில் கத்தியால் கீறிய கோடுகள் இருக்கும். காலையில் நான் வண்டியை எடுக்கும் முன் அண்ணாச்சி அந்தக் குச்சியைப் பெட்ரோல் டேங்குக்குள் விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். சாயங்காலம் வண்டியை விட்டதும் மறுபடி அதே பூசை. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற டிரைவர் என்று எனக்கு ஒரு பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் என் சொந்த அத்தான்.

எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் நேராகக் கரைக்கே வந்து நிற்கத் தொடங்கியிருந்த காலம் அது. மளிகை மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி, கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு ஒரு கருப்புக் காரை மாத வாடகைக்கு விட்டிருந்தார். கப்பல் ஆபீசர்களை ரயிலடிக்கும் துறைமுகத்துக்கும் கொண்டு போய்க் கொண்டு வருவது என் வேலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் காரை ஓட்டுவதில் எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி மாளாது. அந்த வேலையை வாங்கித் தந்ததும் அத்தான்தான். அக்காவைக் கட்டியவர், சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருந்தவர், அண்ணாச்சியின் லாரிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். "இவன் என் மச்சினன் அண்ணாச்சி, இவனுக்கு நான் பொறுப்பு" என்று அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் அப்படி ஒரு கை தோளில் விழுந்தால் யாருக்கும் கலங்கும்.

எங்கள் அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். தோணிக்காரர்கள் பலகைக்கும் ஆணிக்கும் மீன் எண்ணெய் பூசுவார்கள். அது காய்ந்ததும் பழுப்பாகத் தோல் மாதிரி படிந்துகொள்ளும், உப்புத்தண்ணீர் உள்ளே போகாது. எங்கள் ஊரில் காற்றே உப்பு. உப்பளத்து ஓரமாக ஓடுகிற வண்டியின் அடிப்பாகம் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து உதிரும். ஆகவே கார் என் கைக்கு வந்ததும் நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக அடியில் படுத்து, நட்டு, ஜாயின்ட் எல்லாவற்றிலும் மீன் எண்ணெயைப் பூசிவிட்டேன். பெட்ரோல் டேங்கிலிருந்து பைப் கிளம்புகிற இடத்தில் உள்ள பித்தளை நட்டுக்கு இரண்டு பூச்சு. கப்பல் ஆபீசர்கள் கொஞ்ச நாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். கடல் பக்கமே வராத மதுரைக்காரன் எவனும் இந்தக் காரியத்தைச் செய்யமாட்டான். மரத்துக்குப் பூசுவதை நட்டின் மரைக்குப் பூசினால் அது உள்ளே இறங்கிப் பசையாக இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் கார் திணற ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது இருமும், நடுரோட்டில் நின்று நின்று போகும். டேங்கில் துரு இருக்கிறது, பெட்ரோல் லைனை முழுசாகக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அத்தானே சொன்னார். காரை அவர் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் எடுக்கப் போனபோது, "எல்லாம் கழத்தி ஊதி மாட்டியாச்சு. இனி மெட்ராசுக்கே போலாம்லே" என்றார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க அவர் என்ன வழிப்போக்கரா?

அடுத்த வாரமே திருநெல்வேலி ரயிலடியிலிருந்து ஒரு கப்பல் ஆபீசரை ஏற்றிக்கொண்டு வரும்போது, உப்பளம் தொடங்குகிற இடத்தில் கார் நின்றுவிட்டது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. உப்பின் வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் அந்த மனுசர் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கடைசியில் உப்பு லாரி ஒன்றில் ஏறிப் போய்ச் சேர்ந்தார். ஏஜென்ட் ஆபீஸ் அன்றைக்கே வேறு காரை அமர்த்திக்கொண்டது.

அண்ணாச்சி எங்கள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்றோம். கார்புரேட்டரைத் திறந்ததில் ஒரே சகதி என்று அத்தான் சொன்னார். "லைனச் சுத்தம் பண்ணேன்னு சொன்னியேடே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"என் கையால கழத்தி ஊதி மாட்டினேன் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு உள்ள என்ன போச்சுன்னு நான் கண்டேனா?" என்றார் அத்தான். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "பெட்ரோல எடுத்துட்டு அழுக்கு மண்ணெண்ணெய ஊத்தி வைக்கிற டிரைவருவளும் ஊருல இருக்காவ. சின்னப் பய, இந்தத் தடவ விட்டுருங்க" என்றார்.

குற்றமும் அவரே சொன்னார், மன்னிப்பும் அவரே வாங்கித் தந்தார். அத்தான் பொய் சொல்கிறார் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கோ ஏதோ தவறாகப் புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன். அண்ணாச்சி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. காருக்கு அடியில் போகக்கூடாது, டேங்கைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். மறுநாள் மூங்கில் குச்சி வந்தது. கப்பல் வேலை போனபின் காரைச் சவாரிக்கு நிறுத்திய டாக்சி ஸ்டாண்டில் எனக்குப் பெயரே போய், "ஏலே மண்ணெண்ணெ" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டில் இருந்து ஆள் வருவது நின்றது. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, பழைய பம்பை எடுத்துவிட்டு பாட்டரியில் ஓடுகிற புது பம்பை டேங்குக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். வண்டி வழியில் நிற்காது என்றால் பழையபடி எடுத்துக்கொள்வதாக ஏஜென்ட் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஒர்க்ஷாப் குழியின் மேல் காரை நிறுத்தினோம். அன்றைக்கு வேலையாள் வரவில்லை. பைப் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒருவர் ஜாயின்டைப் பிடிக்க வேண்டும், ஒருவர் நட்டைத் திருக வேண்டும். அதனால் அண்ணாச்சியே சொல்லி நான் அத்தானோடு குழிக்குள் இறங்கினேன். மேலே பூவரச நிழலில் அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

டேங்கு முனை நட்டில் அத்தான் ஸ்பானரைப் போட்டுத் திருகினார். அசையவில்லை. இன்னும் பலம் கொடுத்தார், ஸ்பானர் வழுக்கி நட்டின் முனை மழுங்கியது. "என்னலே இது, கல்லு மாதிரி இருக்கு" என்றபடி விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தோம். பைப்பிலிருந்து நட்டின் மேல் ஏறி, ஜாயின்ட் வரைக்கும் நான் பூசிய மீன் எண்ணெய் ஒரே தோலாகக் காய்ந்து கிடந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. அந்த நட்டைக் கழற்றாமல் லைனைக் கழற்ற முடியாது. நட்டைக் கால் சுற்று திருகியிருந்தாலும் அந்தத் தோல் பிளந்திருக்கும்.

எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். என் பெயர் அந்த நட்டின் மேல் பத்திரமாக இருந்தது. அண்ணாச்சி குனிந்து ஒரு தடவை பார்த்தால் போதும். "அத்தான், நீங்க இதத் தொறக்கவே இல்ல" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணாச்சி லாரி வேல போச்சுன்னா நான் கடைய மூடணும்லே. ஒங்க அக்கா முழுகாம இருக்கா." அவ்வளவுதான் சொன்னார். தெரியாமல் நடந்துவிட்டது என்றோ, வேலை அதிகம் அதனால் விட்டுப்போய்விட்டது என்றோ ஒரு வார்த்தை இல்லை. மறு கையில் உளியை எடுத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தோலைச் சுரண்ட ஆரம்பித்தார். பழுப்புச் சீவல்கள் எங்கள் காலடியில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் பித்தளை மஞ்சளாக மின்னியது. பிடியை விட்ட பிறகும் என் மணிக்கட்டில் கிரீஸ் விரல்கள் பதிந்திருந்தன.

"என்னடே, வருதா?" என்று மேலிருந்து அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"உப்புக் காத்துல்லா அண்ணாச்சி, நாலு மாசத்துல இறுகிப் போச்சு" என்றார் அத்தான்.

நான் மறுபடி ஜாயின்டைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு வெந்நீர்த் துணி சுற்றினோம், பிரேக் ஆயில் விட்டோம், எதற்கும் அது மசியவில்லை. பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் நெருப்புக் காட்டவும் முடியாது. கடைசியில் ஆக்சா பிளேடால் பைப்பை அறுத்தார் அத்தான். உள்ளே துருச் சகதி கெட்டியாக அடைத்திருந்தது. அதையும் விரலால் வழித்துத் துணியில் துடைத்துக்கொண்டார். புதுப் பைப், புது ஜாயின்ட், புது பம்ப். சாவியைத் திருப்பியதும் பம்ப் டக்டக்கென்று அடித்து வண்டி கிளம்பியது. கப்பல் ஆபீஸ் வேலை திரும்ப வந்தது. குச்சி மட்டும் போகவில்லை. பொங்கல் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே வேலையை விட்டேன்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து, அவள் உடம்பு தேறிய பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "தெரியும்லே. அன்னைக்கே அவிய எங்கிட்ட சொல்லிட்டாவ" என்றாள். "நீ ஆம்பள, எங்க போனாலும் பொழச்சுக்குவ. நா எங்க போவேன்?" என்று அழுதாள். அவள் அழுதால் நான் என்ன செய்ய முடியும்? மதுரைக்குப் போய் லாரி ஓட்டினேன். கல்யாணம் அங்கேயே, ரொம்பத் தாமதமாக நடந்தது. அத்தானோடு பேச்சை நிறுத்தவில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன், அவர் "வாலே" என்பார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த நட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. அவர் மனசுக்குள் உறுத்தும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் என் வண்டி இத்தனை காலம் ஓடியது.

அத்தான் போய்ச் சேர்ந்தபின் சமீபத்தில் அக்காவைப் பார்க்கத் தூத்துக்குடி போயிருந்தேன். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. தங்கமான பிள்ளை. என் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் துண்டை முள் எடுத்து என் தட்டில் வைத்தான். பழைய பேச்சு எதுவோ வந்தது. "அப்பா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாவ மாமா" என்றான். நான் நிமிர்ந்தேன். "பெட்ரோல் விசயத்துல நீங்க மாட்டுனப்ப, அண்ணாச்சி கால்ல விழாத கொறையா கெஞ்சி அப்பாதான் உங்களக் காப்பாத்துனாவளாம். அதெல்லாம் அந்தக் காலத்துல யாரு செய்யல மாமா, கஷ்டத்துல செஞ்சது. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல."

அவன் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே பார்த்தேன். தடுக்க இனி யாரும் இல்லை, ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். அக்கா என் தட்டைப் பார்த்தாள்.

"சாப்பிடுலே" என்றாள். "சோறு ஆறிப் போவுது."