ஐயாவு பழக்க மறுத்த மட்டைகள்

ஐயாவு என் வயதுக்காரன், என் தெருக்காரன். பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளோடு இருக்கிறான். மரியாதை கொடுத்து எழுதக் கூடாதா என்று என் மகள் கேட்கிறாள். அவனுக்கு மரியாதை கொடுக்க வேண்டிய ஆட்கள் வேறு இருந்தார்கள். அவர்கள் கொடுத்த லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். மேலத்தெருவில் மிராசுதார் வைத்தியலிங்கம். கீழத்தெருவில், அவர் வயலில் நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த நாங்கள். சம்பா அறுவடை முடிந்து மாசியில் வயல் காய்ந்துவிட்டால் ஊருக்குக் கிரிக்கெட் வந்துவிடும். மிராசுதார் மகன் தியாகராசன் கும்பகோணத்தில் காலேஜ் படித்தவர், மேலத்தெரு டீமுக்குக் கேப்டன். வருஷா வருஷம் இரண்டு புது மட்டை வாங்கி வருவார். அந்த மட்டைகள் மேலத்தெருவில் ஒரு நாள்கூடத் தங்காது. நேரே ஐயாவு வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

புது மட்டையும் புது மாடும் ஒன்று. பழக்காமல் பூட்டக் கூடாது. ஆளிவிதையில் எடுக்கும் லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் தடவிக் காயவிட வேண்டும். பிறகு பழைய பந்து ஒன்றைக் காலுறைக்குள் போட்டுக் கட்டி, அதால் மட்டையின் முகத்தைத் தட்ட வேண்டும். முதலில் மெதுவாக, போகப் போகப் பலமாக, ஓரங்களைச் சாய்த்து, எட்டு நாளைக்கு. அப்போதுதான் மரம் இறுகும். அவசரப்பட்டால் முதல் வேகப்பந்திலேயே அடிப்பாகம் பிளந்துவிடும். கருக்கரிவாளைக் கீழே வைத்த கையோடு ஐயாவு இந்த வேலையைச் செய்தான். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர்களுக்குத் தீட்டு. எங்கள் வீட்டுக் கை எட்டு நாள் தட்டிய மட்டைக்கு மட்டும் தீட்டே கிடையாது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை, புரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

பயிற்சியில் நாள் முழுக்க அவன்தான் பந்து போடுவான். வாய்க்காலில் விழுந்த பந்துக்கும் அவன்தான் இறங்குவான். மேட்ச் அன்று வரப்பில் உட்கார்ந்து கைதட்டுவான். ஒரே ஒரு மேட்சில் மட்டை பிடிக்க வேண்டும், அதுதான் அவன் ஆசை. அதற்குள் இருபத்தாறு வயதாகிவிட்டது.

எண்பத்து நாலு மாசியில் வந்த இரண்டு மட்டைகளையும் அவன் சோதித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்று தடி, மூன்று ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று இருந்தது, விலையும் அதிகமாம். மற்றது ஒல்லி, பின்பக்கம் தேமல் மாதிரி ஒரு பழுப்புக் கறை. ஐயாவு பிடியின் உச்சியை இரண்டு விரலால் பற்றித் தூக்கினான். தடி மட்டையின் பாரம் முழுவதும் அடியில் கிடந்து மணிக்கட்டை இழுத்தது. கறை மட்டை தராசில் அதே எடைதான் காட்டும், கையில் பாதியாகத் தெரிந்தது. பிறகு மட்டையைப் படுக்கையாகப் பிடித்துப் பந்தை அதன்மேல் விட்டான். தடியில் பந்து தொப்பென்று கிடந்தது. கறையில் டொக்கென்று எழுந்து முகத்துக்கு வந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே மேலே வந்தான். கறை மட்டையில் ஒரு சாணுக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே அடித்தால் அடித்த அதிர்வே கையில் தெரியவில்லை. என் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான்.

"இங்கதான்டா இதுக்கு உசிரு. அது ஒலக்கை. இதுதான் பேட்டு" என்றான்.

நாலு நாள் தட்டினான். நாலு விரல் இடம் ஆறு விரலானது. ஐந்தாம் நாள் காலுறைப் பந்தைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"பழக்குறவன் நானு. ஆடுறவன் எவனோ. ஏன்டா?"

"அவங்ககிட்டயே கேளேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான யோசனைகளில் அது ஒன்று.

இரண்டு மட்டைகளையும் தூக்கிக்கொண்டு மிராசுதார் களத்துக்குப் போனோம். வைக்கோல் போர் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகனும் நாற்காலியில் இருந்தார்கள்.

"சின்னய்யா, கறை உள்ளதுதான் நல்ல பேட்டு. இன்னும் நாலு நாள் தட்டணும்" என்றான் ஐயாவு. "ஒண்ணு கேக்கணும்ங்க. சித்திரையில பாபநாசம் மேட்சுல என்னையும் சேத்துக்கங்க. கடைசியா எறக்குனாலும் சரி. நான் பேட்டு புடிக்கணும்."

தியாகராசன் கெட்டவர் இல்லை என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கெட்டவர் இல்லாதவர் சொன்னார்: "உன் ஆட்டத்துல ஒரு கொறையும் இல்ல ஐயாவு. மத்தியானம் டீம் மொத்தமும் ஒரே பந்தியில உக்காரணும். நாலு ஊரு மனுஷங்க பாப்பாங்க. பன்னெண்டாவது ஆளா வந்து வெளியில நில்லேன்."

ஐயாவு மட்டைகளை வைக்கோல்மேல் வைத்தான். "அப்ப மிச்ச நாலு நாளும் நீங்களே தட்டிக்கங்க."

வைத்தியலிங்கம் திரும்பினார். "எங்க நின்னு பேசுற? உங்கப்பன் யாரு மனையில குடியிருக்கான்னு கேட்டுட்டு வந்து பேசு."

"கேக்க வேணாம்ங்க. அவரு மனையிலதான். பட்டா இருக்கு."

அந்த ஒரு மிரட்டலில்தான் எங்கள் தெரு மூன்று தலைமுறையாகக் குனிந்து கிடந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து ஊருக்கு வெளியே எறிவார்கள். குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் காகிதம் கைக்கு வரவில்லை. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, முந்தைய வருஷம்தான் அது வந்திருந்தது. வந்த காகிதத்தை எல்லோரும் பெட்டிக்கடியில் பத்திரப்படுத்தினார்கள். வாய் திறந்து பயன்படுத்தியவன் இவன் ஒருவன்.

அவன் அப்பா கண்ணுசாமிக்கு விஷயம் தெரிந்ததும் சோறு இறங்கவில்லை. ஐம்பது வருஷம் அந்தப் பண்ணையில் ஏர் பிடித்தவர். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியேடா! ஒரு கட்டைக்காகவா?"

"கட்டைக்காக இல்லப்பா. நானும் ஒரு தடவ ஆடணும்."

"ஆடு. எங்கயாவது போயி ஆடு. என்னைக் கூப்புடாத."

மறுநாள் மிராசுதாரின் காரியக்காரர் செல்லதுரை எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தார். மட்டை தட்ட ஓர் ஆள் வேண்டுமாம். ஒருவனுக்குக் கை சுளுக்கு, ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் கும்பகோணம் போய்விட்டான். ஏழாவது வீட்டில் வேம்பு, நெல் குத்தியே கை காய்த்துப்போனவள், நேராகவே சொன்னாள்: "ஒலக்கை வேணும்னா தாரேன், கொண்டுபோயி நீங்களே இடிங்க." நெல்லுக்கும் நடவுக்கும் எத்தனையோ வேலைநிறுத்தம் பார்த்த தஞ்சாவூர் ஜில்லாவில், காலுறைக்குள் போட்ட பந்துக்காக நடந்த வேலைநிறுத்தம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மேலத்தெருப் பையன்களே உட்கார்ந்து தட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் கை கொப்பளித்துவிட்டது. அடுத்து யாரோ ஓர் அறிவாளி, எண்ணெயில் ஊறினால் மரம் தானே இறுகும் என்று கண்டுபிடித்தான். ஆளை வைத்தே வேலை செய்து பழகிய வீட்டில், ஆள் இல்லாவிட்டால் எண்ணெயாவது வேலை செய்யட்டும் என்ற எண்ணம்தான் வரும். அண்டா நிறைய நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மட்டைகளையும் நாலு நாள் நிறுத்தி வைத்தார்கள். கேள்விப்பட்டதும் ஐயாவு திட்டுவான் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டான். "அந்தக் கறை பேட்டு என்னடா பாவம் பண்ணிச்சு?" என்றான்.

அந்த ஆத்திரத்தில்தான் நாங்களே ஒரு டீம் சேர்த்தோம். பாபநாசம் போட்டி ஆளுங்கட்சிக்காரர்கள் கோப்பை கொடுத்து நடத்தியது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் யூனுஸ் சார். பெயர் கொடுக்கப் போனபோது அவர் ஜாதி கேட்கவில்லை, பதினோரு பேர் இருக்கிறார்களா என்றுதான் கேட்டார். எங்களிடம் மட்டை இல்லை என்றதும் பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். மூன்று கிழட்டு மட்டைகள். ஐயாவு மூன்றையும் தூக்கி, தட்டி, காதோரம் வைத்துப் பார்த்து, கட்டுப் போட்ட ஒன்றை எடுத்தான். "அடி வாங்கி வாங்கித் தேறினது. இதுக்கு என்னைப் புரியும்" என்றான்.

பக்கத்துப் பக்கத்து டீம்களை முதலில் மோதவிடுவது யூனுஸ் சார் வழக்கம். அதனால் முதல் ஆட்டமே எங்களுக்கும் மேலத்தெருவுக்கும். அவர்கள் முதலில் ஆடினார்கள். மூன்றாவது பந்திலேயே தடி மட்டையின் அடிப்பாகம் இரண்டாகப் பிளந்தது. தியாகராசன் கறை மட்டையோடு வந்தார். எண்ணெய் குடித்து ஊதிய மட்டை, பந்து பட்டால் நனைந்த சாக்கை அடித்த சத்தம். ஓங்கி அடித்த பந்தெல்லாம் பத்தடி உருண்டு நின்றது. பதினைந்து ஓவரில் எழுபத்திரண்டு எடுத்தார்கள். அந்த மட்டையைப் பார்த்து ஐயாவுக்கு வந்த துக்கத்தில் சந்தோஷம் துளியும் இல்லை.

எங்கள் பக்கம் மூன்று பேர் போனதும் ஐயாவு இறங்கினான். மேடையில் சமத்துவம், சுயமரியாதை என்று காலையிலிருந்து முழங்கிக்கொண்டிருந்த மைக்குக்காரர் அதே குரலில் அறிவித்தார்: "அடுத்து களம் காண்பவர், மிராசுதார் வைத்தியலிங்கம் அவர்களின் பண்ணை ஆள்!"

அவருக்கு அது தவறாகவே தெரிந்திருக்காது. எந்த ஊர்க் கீழத்தெருவையும் அப்படித்தானே சொல்லிப் பழக்கம்.

ஐயாவு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆடும் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டான்.

"கோட்டுக்கு வாப்பா. ரெண்டு நிமிஷம் தாண்டினா அவுட்டு குடுக்கணும்" என்றார் நடுவராக நின்ற யூனுஸ் சார்.

"டீம் பேரையும் என் பேரையும் சொல்லச் சொல்லுங்க சார். நான் யாரு ஆளும் இல்ல."

மைக்குக்காரர் சிரித்தார். முன்வரிசை நாற்காலியில் வைத்தியலிங்கமும் சிரித்தார். யூனுஸ் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. இருபத்தாறு வயது வரை காத்திருந்தவன் ஒரு பந்துகூட ஆடாமல் வெளியேறப் போகிறான், வளைந்துகொடுக்கவும் மாட்டான்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கண்ணுசாமி வந்தார். அவர் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. வைத்தியலிங்கம் நாற்காலிக்கு முன்னால், சுற்றிப் போகாமல், நேராக நடந்து மேடைக்குப் போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடுங்கி வாயோடு வைத்துக்கொண்டார். அது கீச்சென்று கத்தியது.

"கீழத்தெரு டீமு," என்றார். "பேரு ஐயாவு. அவன் எவன் பண்ணைக்கும் ஆளு இல்ல. நான் பெத்த புள்ள."

ஐயாவு கோட்டுக்குள் வந்து நின்றான். இருபத்து மூன்று ரன் அடித்தான். நாலு ரன்னில் தோற்றோம். அவன் அவுட்டாகிற வரைக்கும் கண்ணுசாமி மைக்கைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பாபநாசம் கடைத்தெரு வரை கேட்டது: "எம் மவன்! எம் மவன்!"