நெற்றி தரையில் பட

மீரான் மைதீனுக்கு மலையேறும் பழக்கமெல்லாம் கிடையாது. ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றுக்குக் குழாய் வரைபடம் போடுகிறவர். வீடு சுகர் லேண்டில். வாழ்க்கையில் பாதியை ஃப்ரீவேயில் உட்கார்ந்தே கழித்தவர். அவர் ஏறிய மேடெல்லாம் ஃப்ளைஓவர்தான்.

மூட்டு தேய்ந்த பிறகு பள்ளிவாசலின் கடைசி வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். "சேர்மன் வர்றாருப்பா, வழி விடுங்க" என்பார் உடன் தொழும் ஹஸ்னைன். மீரானும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஸஜ்தாவில், மற்றவர்கள் நெற்றியைத் தரையில் வைக்கும் அந்த நேரத்தில், நாற்காலியிலிருந்து குனிகிற அவர் நெற்றி மட்டும் எதிலும் படாமல் காற்றில் நின்றுவிடும். அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வருடம் பிசியோதெரபி, ஏரியைச் சுற்றி நடை. "இனிமே தரையில ட்ரை பண்ணலாம்" என்று டாக்டர் சொன்னதும், அந்த முதல் ஸஜ்தாவைக் கம்பளத்தில் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. டெக்சாஸிலேயே உயரமான குவாடலூப் சிகரத்தில் செய்வது என்று முடிவெடுத்தார்.

"தரையில உட்காந்து எந்திரிக்க முடியாதவரு மலைக்குப் போறாராம்" என்றாள் மனைவி நஜீமா. என்றாலும், கல்லூரியில் படிக்கும் மகள் மஹ்ஜபீனைத் துணைக்கு அனுப்பிவைத்தாள். அது 2006, தேங்க்ஸ்கிவிங் விடுமுறை.

விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். முதலில் கள்ளியும் கற்றாழையும். வளைந்து வளைந்து மேலே போனால், மனசு மாறியதுபோல் பைன் மரங்கள். காற்று காதுக்குள் புகுந்து பேசியது. உச்சி வந்துவிட்டது என்று நிமிர்ந்தால், அதற்குப் பின்னால் இன்னொரு உச்சி நின்றது. மீரானுக்குத் தலை சுற்றியது. பாறையில் சரிந்து உட்கார்ந்தார்.

"வாப்பா, வேர் இஸ் யுவர் வாட்டர்?"

மஹ்ஜபீன் பையைத் திறந்தாள். ஒரு பாட்டில் காலி. இன்னொன்று மூடிகூடத் திறக்காமல் இருந்தது.

"அத வை. ஒளு செய்யறதுக்கு."

"கை கால் கழுவவா? ஃபுல் பாட்டில வெச்சிக்கிட்டு மயங்கி விழப் போறீங்களா?"

"மேல என்ன பைப்பா இருக்கு?"

"தண்ணி இல்லேன்னா மண்ணத் தொட்டு தயம்மும் பண்ணலாம். சண்டே ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க. என்னை அங்க அனுப்பினதே நீங்கதான்."

"ஏளா, அதெல்லாம் பாலைவனத்துல போறவங்களுக்கு."

"வாப்பா. லுக் அரவுண்ட்."

மீரான் சுற்றிலும் பார்த்தார். கீழே மண்ணும் வானமும் ஒன்றையொன்று தொடும் இடம்வரை ஒரு வீடில்லை, ஒரு கிணறில்லை. மேற்கே உப்புப் படுகை, யாரோ விரித்துப்போட்டு மறந்துபோன வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேகத்தின் நிழல் ஒன்று அதைக் கடக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டது. இத்தனை பெரிய இடத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு பாலைவனம் வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது. பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார்.

உச்சியில் ஒரு எஃகுத் தூண், அதைச் சுற்றி வானம். மீரான் பாறைத் தூசியில் உள்ளங்கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டார். மக்கா இருக்கும் வடகிழக்கே திரும்பி நின்று நண்பகலின் லுஹர் தொழுகையைத் தொடங்கினார். பயணத்தில் இருப்பதால் நான்கு சுற்றுக்குப் பதில் இரண்டே ரக்அத்.

முதல் ஸஜ்தாவுக்கு இறங்கும்போது மூட்டு கடகடத்தது. நெற்றி கல்லில் பட்டது, கல் குளிர்ந்திருந்தது. இரண்டாவது ஸஜ்தாவும் முடிந்ததும் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். ஒரு கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. மகள் ஓடி வந்தாள். அவள் தொடுவதற்குள் பாறையில் இரு கைகளையும் ஊன்றி எழுந்துவிட்டார்.

கடைசி ஸஜ்தாவில்தான் அவர் எழவே இல்லை.

"வாப்பா? ஆர் யூ ஸ்டக்?"

தொழுகையில் பேசக் கூடாது. மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, வலமும் இடமும் ஸலாம் கொடுத்த பிறகு கல்லைத் தொட்டுக் காட்டினார்.

"ஏளா, இங்க பாரு. சிப்பி."

மஹ்ஜபீன் குப்புறப் படுத்துப் பார்த்தாள். கல்லுக்குள் விசிறி மாதிரி வரிவரியாக ஒரு சிப்பி.

"இந்த மலையே ஒரு காலத்துல ஸீ-க்கு அடியில இருந்துச்சாம், வாப்பா. கீழ போர்டுல போட்டிருந்துது."

"கடலா? இவ்வளவு உசரத்துலயா?"

மேலே பார்த்தார், அவ்வளவு தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது வெறும் நீலம். கைகளை ஊன்றி மறுபடியும் நெற்றியைக் கல்லில் வைத்தார். இந்த முறை மாட்டிக்கொண்டாரா என்று மகள் கேட்கவில்லை.