கீறல் இருந்த இடம்

மறுபதிப்பாக வந்திருக்கும் அந்தப் பழைய இசைத்தட்டின் உறையைப் பிரித்ததும் பழகிய ஒரு வாசனை எழுந்தது. வடக்குப்பட்டில், இப்போது கம்பெனி லாரிகள் நிற்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தபோது, மைக்செட் வாடகைக்கு விட்ட அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்தால் இதே வாசனைதான் வரும். ஊர்க் கல்யாணங்களில் தாலி ஏறியதும் இந்தப் பாட்டைத்தான் போடச் சொல்வார்கள். அதன் இரண்டாம் சரணத்தில் ஒரு கீறல். அங்கே ஊசி சிக்கிப் பாட்டு விக்கினால் அபசகுனம் என்று அப்பாவைத் திட்டித் தீர்ப்பார்கள் என்பதால், அந்த இடம் நெருங்கும்போது அவர் விரலால் ஊசியை மெல்லத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்; குழாய் ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு நடுவே, அந்த விரலை மட்டுமே பார்த்தபடி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இன்று, அப்பா இல்லாத ஒரகடத்து வாடகை வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டேன்; அந்த இடம் நெருங்கியபோது என் விரல் தானாக ஊசியின் பக்கம் போய்விட்டது. புதுத் தட்டில் கீறல் இல்லை. நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு வரி நிதானமாக ஓடியது.

சமையலறையிலிருந்து அம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி இது, நடுவுல எதையோ சேத்துகிறானுங்க? நிறுத்து. யார்னா கேட்டா உங்கப்பாவத்தான் திட்டுவாங்க."